மீதி மலை

கிழக்கு வாசல்
4 மார்ச் 1983

மேற்கு முகப்பு சர்வேயர் அவர்களுக்கு,

பொருள்: தண்ணீர்ச் சுரங்கம், மலையில் மீதமுள்ள பாறை.

இன்று காலை நிலவரப்படி, குடைந்து வரும் இரண்டு முகப்புகளுக்கும் நடுவே மீதி 96.8 மீட்டர். தங்கள் பக்கத்து அளவுகள் கிடைத்தன. எங்கள் பக்கத்துத் தினசரி அளவுகள் தனிச் சீட்டில் உள்ளன. மீதி முப்பது மீட்டரைத் தொட்டதும், எதிர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஆபத்து வராமலிருக்க, கிழக்கில் வெடி நிறுத்தப்படும். அதன் பிறகு மேற்கிலிருந்து மட்டும் குடைவார்கள். அந்த நாள் எது என்பதை நான்தான் அறிவிக்க வேண்டும், அறிவிப்பேன்.

இப்படிக்கு,
கிழக்கு முகப்பு சர்வேயர்

என்னடா இது, ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கேன்னு பாக்கறீங்களா? அப்படித்தான் இருக்கும். கல்யாணம் ஆகி ஆறு வருஷத்துல எத்தனையோ தடவை எனக்குக் கோவம் வரவச்சிருக்கீங்க. இந்தத் தடவை பண்ணது வேற. அந்த பாக்கெட் கம்ப்யூட்டருக்கு மாசக்கணக்கா உக்காந்து நான் புரோகிராம் எழுதினேன். நேத்து மீதியை அது ஒரு பெட்டியில ஞாபகம் வச்சிருக்கும். ரெண்டு பக்கமும் எவ்வளவு குடைஞ்சோம்னு குடுத்தா, டேப் சூட்டுல நீண்டது, சரிவுல சாஞ்சது எல்லாத்தையும் திருத்தி, கழிச்சு, இன்னிக்கு மீதி எவ்வளவுன்னு சொல்லும். சீஃப் இன்ஜினியர் வந்து பாத்தார், அசந்துட்டார், கை குடுக்கக் கையை நீட்டறார். அந்த நேரம் பாத்து நீங்க சட்டைப் பையிலேர்ந்து பென்சிலை எடுக்கறீங்க! "எதுக்கும் ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாத்துக்கறேன் சார்."

நீட்டின கை திரும்பிப் போயிடுச்சு. நீங்க கூட்டிக் கழிச்சு முடிக்கிற வரைக்கும் அத்தனை பேர் முன்னாடி நான் மரம் மாதிரி நின்னேன். கடைசியில பேப்பர்ல என்ன வந்தது? 106.4. மெஷின்ல என்ன இருந்தது? 106.4. வீட்டுக்கு வந்து, "இனிமே உன் கணக்கைப் பேப்பர்ல போட மாட்டேன், சத்தியம்"னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கட்டும்.

மறுநாளே உங்களுக்கு மேற்குப் பக்கம் மாத்தல் வந்தது. நமக்கு நடுவுல ஒரு மலை இருக்கிறது இப்போதைக்கு நல்லதுதான்.

மெஷினோட கையேட்டை ஏன் தூக்கிட்டுப் போனீங்க? மெஷின் இங்க, புத்தகம் அங்க, என்ன நியாயம் இது? அப்புறம், மெஷின்ல என் புரோகிராமுக்கு அடியில யாரோ கண்ட குப்பையைப் போட்டு வச்சிருக்காங்க. நேரம் கிடைக்கிறப்ப அழிச்சிடுவேன்.

மழையில போன் லைன் போனது போனதுதான். டீசல் டேங்கர் அண்ணன் ஒரு நாள் இங்க, மறுநாள் அங்கன்னு மலையைச் சுத்தி ஓட்டறார். அவர்கிட்ட குடுத்தனுப்பறேன்.


மேற்கு வாசல்
6 மார்ச்

கிழக்குச் சீமை மகாராணிக்கு,

உன் கடிதத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் தேடிப் பாத்தேன், எங்கேயாவது "உடம்பைப் பாத்துக்கங்க"ன்னு ஒரு வரி வருதான்னு. டீசல் வாசனைதான் வந்தது.

பென்சில் விஷயத்துல நான் என்ன சொன்னாலும் எடுபடாது. இருந்தாலும் சொல்லிடறேன். உன் மேல சந்தேகப்பட்டு நான் எடுக்கலை. எனக்கு அந்த டப்பா மேலதான் பயம். மூக்குக் கண்ணாடிக் கூடு அளவு இருந்துக்கிட்டு, ஒரே ஒரு வரியைக் காட்டிட்டு, எப்படி வந்ததுன்னு சொல்லாம விடையை மட்டும் சொல்ற ஆளை எனக்கு நம்பத் தெரியலை. பேப்பர்னா வழி தெரியும். நீ போன வழியிலயே நானும் பின்னாடி வரலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனா சீஃப் முன்னாடி எடுத்திருக்கக் கூடாது. அது தப்பு, தப்பு, தப்பு.

அந்தக் குப்பை என்னுதுதான். கிளம்பற அன்னிக்கு நீ குளிக்கப் போன நேரம் போட்டேன். அதுக்காகத்தான் கையேட்டைக் கரைச்சுக் குடிச்சேன், அவசரத்துல பெட்டியில வச்சு எடுத்துட்டும் வந்துட்டேன். ஷிஃப்டை அழுத்தி இசட்டைத் தட்டினா அது ஓடும். மெஷினுக்குத் தெரிஞ்சது இங்கிலீஷ் பெரிய எழுத்து மட்டும், வரிக்கு இருபத்து நாலு கட்டம். நம்ம பேச்சை அதுக்குள்ள அடக்க நான் பட்ட பாடு இருக்கே! "தப்பு என்னுது. சாப்ட்டியா?" புள்ளி, இடைவெளி எல்லாம் சேத்து எண்ணினா சரியா இருபத்து நாலு. செல்லமா ஒரு பேர் வச்சுக் கூப்பிட இடமில்லை. நேர்ல நின்னு சொல்ல எனக்கு வாய் வரலை, அதான் டப்பாவைச் சொல்ல விட்டேன். தயவு பண்ணி அழிச்சிடாத.

இங்க எனக்குக் குடுத்திருக்கிற ரூம்ல தகரக் கூரை. மழை பெஞ்சா பக்கத்துக் கட்டில்ல மேஸ்திரி பேசறது கேக்காது. மனுஷன் தூக்கத்துலயும் ஆளுங்களைத் திட்டறார், அதனால மழை வந்தா சந்தோஷம். சீஃப் இங்கேயே டேரா போட்டிருக்கார். வர்றவங்க எல்லார்கிட்டயும் உன் மெஷினைப் பத்திதான் பெருமை. தண்ணி திறந்து விடற நாளைக்கூட குறிச்சிட்டார்.

என் பக்கத்து அளவு சீட்டுல இருக்கு.

தப்பு பண்ணவன்


கிழக்கு வாசல்
11 மார்ச்

மேற்கு சர்வேயருக்கு,

மீதி 79.2 மீட்டர். சீட்டு இணைச்சிருக்கேன்.

உங்க குப்பையை அழிக்கலை. மெஷின்ல இடம் மிச்சம் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன், என்னதான் எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்க. அதுக்கு மேல எனக்கு வேலை இருக்கு. ரொம்ப சந்தோஷப்பட்டுக்க வேண்டாம்.

மெஷினை பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு, பைக்கு மேலேயே பட்டனைத் தட்டறேன். கல் தூசி அப்படிப் பறக்குது. ஆனா பாவம், நல்லா உழைக்குது. சுவிட்சை அணைச்சு வச்சாலும் நேத்து எங்க விட்டேன்னு ஞாபகம் வச்சிருக்கு. அந்தப் பொத்தான் பேட்டரியைக் கழட்டினாத்தான் எல்லாம் மறந்து போகும். நம்ம கல்யாண நாளை மறக்கிறதுக்கு உங்களுக்கு பேட்டரிகூடக் கழட்ட வேண்டாம். கேஷியர் தினமும் வந்து, "எனக்கு எப்ப புரமோஷன்னு இது சொல்லுமாம்மா?"ன்னு கேக்கறார். சொல்லும் சார், ஆனா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லிட்டேன்.

உங்க மேஸ்திரியைத் திட்ட வேண்டாம். தூக்கத்துல நீங்க மட்டும் என்ன, சும்மாவா இருக்கீங்க? ஒரு தடவை நடு ராத்திரி "டேப்பை இழுத்துப் பிடி"ன்னு கத்தி என் ஜடையை இழுத்தவர்தானே.

நீலக் கம்பளியை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்க. டேங்கர் அண்ணன்கிட்ட குடுத்திருக்கேன். குளிருக்கு இல்ல. அலமாரியில இடத்தை அடைக்குது, அதான்.


மேற்கு வாசல்
15 மார்ச்

அன்புள்ள அலமாரிக்காரிக்கு,

கம்பளி வந்தது. அதுல நம்ம வீட்டு சோப்பு வாசனை. இடத்தை அடைக்குதுன்னு அனுப்பறவங்க துவைச்சு அனுப்புவாங்களா?

ஒண்ணு சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. இது நாலாவது தாள்.

உங்க பக்கம் பாறை எப்படி இருக்கு? கெட்டியா? விரிசல் எதுவும் தெரியுதா? சும்மாதான் கேக்கறேன். இங்க முந்தா நாள்லேர்ந்து முகப்புல காதை வச்சா ஒரு சத்தம். டொக் டொக்குன்னு. முதல்ல தண்ணி சொட்டுதுன்னு நெனச்சேன். மேஸ்திரியும் தண்ணிதான்னு சொல்றார். ஆனா தண்ணி சாப்பாட்டு நேரத்துக்கு நிக்குமா? பன்னெண்டு மணிக்கு நின்னு ஒரு மணிக்கு மறுபடி ஆரம்பிக்குது. அது உங்க டிரில்தான். பாறைக்குள்ள சத்தம் ரொம்ப தூரம் போகும், தெரியும். எழுபது மீட்டர்ல கேக்கலாம், கேக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா நேத்து கையை வச்சேன், உள்ளங்கையில அதிர்வு தெரியுது.

நான் ஒண்ணும் கேக்கலை. உன் கணக்கைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலை, பாத்துக்கோ. உன்னோட சீட்டெல்லாம் தலைகாணிக்கு அடியில அப்படியே இருக்கு. கூட்டிப் பாக்கலை. சத்தியம் பண்ணிருக்கேன்ல.

பாறை எப்படி இருக்குன்னு மட்டும் எழுது.


கிழக்கு வாசல்
19 மார்ச்

மேற்கு சர்வேயர் அவர்களுக்கு,

மீதி 57.5.

பாறை பாறையாத்தான் இருக்கு. கேக்க வேண்டியதை நேரா கேளுங்க. எதுக்கு இந்தச் சுத்து வளைச்சுப் பேச்சு? "ஒண்ணும் கேக்கலை, ஒண்ணும் கேக்கலை"ன்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்களே, அதுக்கு நேரா "உன் கணக்கு தப்பு"ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். காகிதமாவது மிச்சமாகியிருக்கும்.

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு, புதுசா எதுவும் கழிக்காம மெஷினை மறுபடி ஓட்டினேன். அதே விடை. அணைச்சுப் போட்டுட்டு மறுபடி ஓட்டினேன். அதே விடை. பொய் சொல்றது அதுக்குத் தெரியாதுங்க. யார் எங்க அவமானப்படுவாங்கன்னு காத்திருந்து பென்சிலை எடுக்கவும் தெரியாது.

இங்க எனக்குக் கீழ இருபது பேர் வேலை பாக்கறாங்க. "அம்மா சொன்னா சரியா இருக்கும்"னு என் முகத்தைப் பாத்துட்டுத்தான் தினமும் உள்ள போறாங்க. நீங்க ஒருத்தர்தான் என் கணக்கை நம்ப மாட்டேங்கறீங்க. ஊரே நம்பட்டும், எனக்கு அது பெருசு இல்ல. நீங்க நம்பணும்னுதான் அந்தப் புரோகிராமையே எழுதினேன். இதைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், சொல்ல வச்சுட்டீங்க.

சாப்பிட்டேன். தூங்கினேன். நல்லா இருக்கேன்.


மேற்கு வாசல்
21 மார்ச்

என் மேல கோவமா இருக்கிறவளுக்கு,

மன்னிச்சுடு. நீ எழுதினதை மறுபடி மறுபடி படிச்சேன். நம்பறேன். உன்னை நம்பறேன்.

ஆனா இதை யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். நீங்க வெடி வைக்கிறப்ப இங்க முகப்புலேர்ந்து கல் உதிருது. சின்னக் கல்தான், கைப்பிடி அளவு. ஆளுங்க சிரிச்சுக்கிட்டே தட்டி விட்டுட்டுத் துளை போடறாங்க. நான் அவங்க பின்னாடி நின்னுக்கிட்டு பல்லைக் கடிச்சுட்டிருக்கேன்.

சீஃப்கிட்ட போய் சொன்னேன். முகத்தை நிமிர்த்தாமலே, "மெஷின்ல எவ்வளவுய்யா?"ன்னு கேட்டார். அம்பத்தேழரைன்னேன். "அப்புறம் என்ன? அன்னிக்கு நீயேதானே பேப்பர்ல போட்டு, மெஷின் சரியா இருக்கு சார்னு என்கிட்ட சொன்னே? அதுக்கப்புறம்தான் நான் அதை முழுசா நம்பினேன்"ன்னார். நான் சரி பாத்ததுனாலதான் இப்ப யாரும் சரி பாக்கலை.

நாளைக்கும் ஆளுங்களை உள்ள கூட்டிட்டுப் போகணும். நானும் கூடவே போறேன். வெளியே உக்காந்து டீ குடிக்க மனசு வரலை.


கிழக்கு வாசல்
24 மார்ச், மாலை

மீதி 45.8. சீட்டு உள்ள இருக்கு.

நீங்க முகப்புக்குப் போகாதீங்க. ஆளுங்களை அனுப்பிட்டு நீங்க வெளியே நில்லுங்கன்னு சொல்லவும் மனசு வரலை. அவங்களுக்கும் வீட்டுல யாராவது இருப்பாங்களே.

சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். இன்னிக்கு நானும் முகப்புல காதை வச்சேன். உங்க டிரில் சத்தம் கேட்டது. டிரில் மட்டும் இல்ல. யாரோ இரும்பைக் கீழே போட்டாங்க. அந்தச் சத்தமும் கேட்டது. ஓடி வந்து மெஷினை ஓட்டினேன், 45.8. மறுபடி 45.8. எத்தனை தடவை கேட்டாலும் அதே எண்ணைச் சொல்ற மெஷினைப் பாத்து முதல் தடவையா எனக்குப் பயமா இருக்கு. எங்க தப்புன்னு தெரியலை. புரோகிராமை வரி வரியாப் படிச்சுட்டேன், என் வரிகள்ல ஒண்ணும் இல்ல. தப்பே இல்லாம இருந்தா நான் பயந்தது வெட்கம். தப்பு இருந்து நான் கண்டுபிடிக்கலைன்னா?

என் கணக்கை நானே பாத்தா என் தப்பு என் கண்ணுல படாது. சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கறேன். பென்சிலை எடுங்க.


மேற்கு வாசல்
25 மார்ச்

முதல்ல இதைச் செய், அப்புறம் மீதியைப் படி. வெடியை நிறுத்து. ஆளுங்களை முகப்புலேர்ந்து வெளியே எடு. துளையில வெடிமருந்து ஏத்தியிருந்தாலும் கம்பியைக் கழட்டிடு. போ, நான் இங்கேயே இருக்கேன், கடிதம் எங்கேயும் போகாது.

நிறுத்திட்டியா? சரி.

நீ சத்தியத்தைத் திருப்பி வாங்கினது இன்னிக்குக் காலைல வந்து சேந்தது. நான் அதை உடைச்சது நேத்து. தாங்க முடியலை, தலைகாணிக்கு அடியில இருந்த சீட்டெல்லாம் எடுத்துக் கூட்ட ஆரம்பிச்சேன். இன்னிக்கு உன் கடைசிச் சீட்டையும் சேத்துக் கூட்டி முடிச்சுட்டேன். பேப்பர்ல வர்றது உன் 45.8 இல்ல. ரொம்ப ரொம்பக் கம்மி. எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல என் கணக்குதான் தப்புன்னு நெனச்சேன். உன் ஒவ்வொரு கடிதத்துல இருக்கிற மீதியையும் என் பேப்பரோட வச்சுப் பாத்தேன். அப்பத்தான் கண்ணுல பட்டது. புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எண் எப்பவும் ஒத்துப் போகுது. இந்தப் பக்கம் இருக்கிறதுலதான் வித்தியாசம் ஏறிக்கிட்டே போகுது. டேப்புல தப்புன்னா சென்டிமீட்டர்ல வரும். சரிவுல தப்புன்னாலும் அப்படித்தான். இது முழு முழு மீட்டரா, ஒவ்வொண்ணா ஏறுது. பாறையில எந்தத் தப்பும் அவ்வளவு சுத்தமா வராது. அந்த டப்பாக்குள்ள யாரோ ஒண்ணு ஒண்ணா கூட்டிட்டிருக்காங்க.

யாருன்னு தெரிஞ்சுடுச்சு. நான்தான்.

என் குப்பைப் புரோகிராம் அந்த ஒரு வரியைக் காட்டறதோட நிக்கலை. உன்கிட்ட சொல்லாம இன்னொண்ணும் பண்ணியிருந்தேன். நீ ஒவ்வொரு தடவை அதை ஓட்டறப்பவும் ஒரு பெட்டியில ஒண்ணைக் கூட்டி வைக்கும். எதுக்குன்னா, ஒரு நாள் நான் திரும்பி வந்து அந்தப் பெட்டியைத் திறந்து, "ஒரே ஒரு தடவைதான் பாத்தியா, இத்தனை தடவை பாத்திருக்கியே"ன்னு உன்னைக் கிண்டல் பண்ண. அதுக்கு A-ங்கிற முதல் பெட்டியை எடுத்துக்கிட்டேன். கையேட்டுல எல்லா உதாரணமும் அதுலதான் ஆரம்பிக்குது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் பெட்டி தனித்தனியா இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். கரைச்சுக் குடிச்ச லட்சணம்! இன்னிக்கு மறுபடி எடுத்துப் படிச்சேன். மெஷின்ல மொத்தம் இருபத்தாறு பெட்டிதான், எந்தப் புரோகிராம் ஓடினாலும் அதே பெட்டிங்கதான். நீ மலையோட மீதியை எந்தப் பெட்டியில வச்சிருக்கே? முதல் பெட்டியிலதானே?

அப்படின்னா நீ என்னைப் பாத்தப்பல்லாம் மலை ஒரு மீட்டர் வளந்திருக்கு.

ஆளுங்களை வெளியே எடுத்துட்டேன். சீஃப் கத்தின கத்துல கூரைத் தகரமே ஆடிடுச்சு. கடைசியில உக்கார வச்சுக் கேட்டார். நான் எல்லாத்தையும் சொன்னேன், அந்த இருபத்து நாலு எழுத்து உள்பட. அப்புறம் சொன்னார்: "நீ சொல்றது நிஜம்னா, உன் பேப்பருக்கும் மெஷினுக்கும் இருக்கிற வித்தியாசம் அந்தப் பொண்ணு அதை ஓட்டின தடவைக்குச் சமமா இருக்கணும். உன் எண்ணை எழுதி உறையில ஒட்டி என் மேசையில வை. அவளுக்குச் சொல்லாதே. அவ தன்னோட எண்ணைக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பட்டும். ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் வாயைத் திறக்கலை. இல்லைன்னா டேங்கர் திரும்பி வந்த அடுத்த நிமிஷம் ஆளுங்க உள்ள போவாங்க, நீ பெட்டியைக் கட்டு."

உறை மேசையில இருக்கு. நானே வந்திருப்பேன். ஆனா நான் இந்தப் பக்கம் நகந்தா ஷிஃப்டை உள்ள அனுப்பிடுவாங்களோன்னு, சுரங்க வாசல்ல நாற்காலி போட்டு நீலக் கம்பளியைப் போத்திட்டு உக்காந்திருக்கேன். மேஸ்திரி அப்பப்ப வந்து, பைத்தியத்தைப் பாக்கிற மாதிரி பாத்துட்டு டீ குடுத்துட்டுப் போறார். டேங்கர் அண்ணன்கிட்ட வழியில எங்கேயும் நிக்காதீங்கன்னு காலைப் பிடிக்காத குறையாச் சொல்லியிருக்கேன்.

எண்ணை எழுதறதுக்கு உனக்கு வெட்கமா இருக்கும். எனக்குத் தெரியும். பூஜ்யம்னு மட்டும் எழுதிடாத.


கிழக்கு வாசல்
26 மார்ச்

தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

பொருள்: மீதிக் கணக்கில் ஏற்பட்ட பிழை.

நான் என் அளவுப் புத்தகத்திலிருந்து, மார்ச் முதல் தேதி சரிபார்க்கப்பட்ட 106.4 மீட்டரில் தொடங்கி, அனைத்தையும் தாளில் மறுபடி கணக்கிட்டேன். 24 மார்ச் மாலை உண்மையான மீதி 8.8 மீட்டர். அன்று கருவி காட்டியது 45.8. கருவியின் முதல் பெட்டியைத் திறந்து பார்த்து, அதில் மேற்கு சர்வேயர் சேர்த்திருந்த சிறு புரோகிராமை ஷிஃப்ட் மேஸ்திரியின் முன்னிலையில் ஒரு முறை ஓட்டி, பெட்டியை மறுபடி பார்த்தேன். சரியாக ஒன்று கூடியிருந்தது. மேஸ்திரி சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கிறார்.

ஆகவே, 24 மார்ச் மாலை வரை அந்தப் புரோகிராமை நான் முப்பத்தேழு முறை ஓட்டியிருக்கிறேன்.

நேற்று நாங்கள் மட்டும் குடைந்ததைக் கழித்தால், இன்றைய மீதி 6.7 மீட்டர். விதிப்படி கிழக்கில் வெடி நிறுத்தப்பட்டது. எங்கள் ஆட்கள் அனைவரும் வெளியே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கிழக்கு முகப்பு சர்வேயர்

(இது உங்களுக்கு மட்டும். மேல இருக்கிற தாளைப் பிரிச்சு சீஃப்கிட்ட குடுத்துடுங்க.)

என்னங்க,

டேங்கர் அண்ணன் ஹாரனை அழுத்திக்கிட்டே வந்தார். வண்டி நிக்கறதுக்குள்ள கடிதத்தை ஜன்னல் வழியா நீட்டினார். உள்ள மருந்து ஏத்தி முடிச்சு, கம்பியை இழுத்துட்டு வந்துக்கிட்டிருந்தாங்க. நான் முதல் வரியைப் படிச்சேன். ரெண்டாவது வரியைப் படிக்கலை. செருப்பு ஒரு பக்கம் போச்சு, தலைக்கவசம் ஒரு பக்கம் போச்சு. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு நான் போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும், ஏழு மீட்டர்கூட இல்லையே நடுவுல. கம்பியைக் கழட்டி, எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, அங்கேயே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். அந்த வெடியில பாதிப் பாறையாவது உங்க பக்கம் போயிருக்கும். நீங்க ஆளுங்க பின்னாடி நின்னு பல்லைக் கடிச்சுட்டிருப்பீங்கன்னு எழுதினீங்களே, அதுதான் கண்ணு முன்னாடி வந்துக்கிட்டே இருந்தது.

அப்புறம் பென்சிலை எடுத்தேன். ஆமா, உங்க பென்சில்தான், மேசை இழுப்பறையில ஒண்ணை விட்டுட்டுப் போயிருந்தீங்க. கடைசிக் கழித்தலைப் போடறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், ஒரு பத்துப் பன்னெண்டு தடவை இருக்கும்னு. முப்பத்தேழுன்னு வந்தது. தப்பு இருக்கும்னு மறுபடி கூட்டினேன். அதே முப்பத்தேழு. சில நாள் காலைல ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சில நாள் சாயங்காலம் அளவெடுத்து முடிச்சு ஒரு தடவை, உங்க கடிதம் வந்தா ஒரு தடவை, வரலைன்னா ஒரு தடவை. உங்களைத் திட்டி எழுதி உறையை ஒட்டினதும் ஒரு தடவை. 25-ஆம் தேதி மட்டும் தொடவே இல்ல, அன்னிக்கு அந்த மெஷினைக் கையில எடுக்கவே பயமா இருந்தது. உங்க புரோகிராமை மெஷின்ல வரி வரியாத் திறந்து பாத்திருந்தா ரெண்டாவது வரியிலயே விஷயம் தெரிஞ்சிருக்கும். என் வரிகளை எத்தனையோ தடவை படிச்ச நான், உங்க வரிகளைத் திறக்கலை. திறந்து, கை தவறி ஒரு பட்டன் பட்டு அழிஞ்சு போயிட்டா என்ன பண்றதுன்னு இருந்தேன். கணக்குல புலின்னு பேர் எடுத்தவ பண்ற வேலையா இது? நீங்க ஒரு முட்டாள்னா நான் ரெண்டு முட்டாள்.

உங்க மேல கோவம் தீரலை. பொண்டாட்டி எத்தனை தடவை நெனச்சான்னு எண்ண மெஷினா வைப்பாங்க? வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. சொல்லியிருக்க மாட்டேன், சரி. ஆனா கேட்டிருக்கலாம்.

எங்க ஷிஃப்ட் மேஸ்திரி முன்னாடி ஓட்டிக் காட்டினேன்னு சீஃபுக்கு எழுதியிருக்கேன்ல, அது முப்பத்தெட்டாவது தடவை. சாட்சின்னா தானே படிக்கணும்னு மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி, எல்லார் காதுலயும் விழற மாதிரி வாசிச்சார். "தப்பு... என்னுது... சாப்ட்டியா?" மேஸ்திரி மெஷினைப் பாத்தார், என்னைப் பாத்தார். அப்புறம் ரொம்ப மரியாதையா மெஷின்கிட்ட, "சாப்ட்டேங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அழுதேன், எது முதல்ல வந்ததுன்னு தெரியலை.

உறையைப் பிரிக்கிறப்ப சீஃப் முகத்தைப் பாத்து வச்சுக்கங்க, எனக்கு அப்புறம் சொல்லணும். இனிமே உங்க பக்கம் மட்டும்தான் குடையணும். மெதுவாக் குடைய வைங்க. எங்க ஆளுங்களை நான் வெளியே வச்சிருக்கேன்.

முப்பத்தெட்டு தடவை கேட்டிருக்கீங்க. ஒரு தடவைக்கு மேஸ்திரி பதில் சொல்லிட்டார். நான் ஒண்ணுக்குக்கூட மனசாரச் சொல்லலை. இப்ப சொல்றேன். இன்னும் சாப்பிடலை. பாறை திறந்ததும் ரோட்டைச் சுத்தி வராதீங்க. நேரா வாங்க.